சாவா மூவாப் பேராடும் எங்கள் அபார்ட்மென்ட் பெயிண்ட்டும்

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்"னு சொல்லி வச்ச பெரியவங்க, "கட்டின வீட்டை வச்சுப்பார்"னு இன்னொரு வரியும் சேர்த்திருக்கலாம். சேர்க்காம விட்டதுல முதல் வீடு வாங்கின என்னை மாதிரி ஆசாமிகள் தடுமாறிப் போறோம்.

பேங்க்கில் லோன் வாங்கும்போது மாதத் தவணையை ரூபாய் பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டேன். அதோடு கணக்கு முடிந்தது என்றுதான் நினைப்பு. அப்புறம் அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி வந்தது. குடிநீர் வரி வந்தது. மாதாமாதம் மெயின்டனன்ஸ். ஆறாவது மாதம் சம்ப் மோட்டார் புகைந்தது. வாடகை வீட்டில் இருந்தபோது இதெல்லாம் ஹவுஸ் ஓனர் தலைவலி. இப்போ ஹவுஸ் ஓனர் யாருன்னு கண்ணாடியைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு :-)

போன மாதம் எங்கள் அசோசியேஷன் மீட்டிங். கட்டடத்துக்கு வெளியே பெயிண்ட் அடிக்க வேண்டும், 9 லட்சம் ஆகும் என்றார்கள். மொத்தம் 24 வீடு, வீட்டுக்கு 37,500 ரூபாய். ஹாலே அமைதியாகிவிட்டது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "கார்ப்பஸ் ஃபண்ட்ல 12 லட்சம் சும்மாதானே சார் கிடக்கு, அதை எடுங்க" என்றார். கைதட்டல்! அந்த 'சும்மா கிடக்கு' என்ற வார்த்தை கேட்டதும் எனக்குத் தஞ்சாவூர் ஆடுகள் ஞாபகம் வந்துவிட்டது.

சிரிக்காதீங்க, விஷயம் இருக்கு.

1010-ல் ராஜராஜ சோழன் பெரிய கோயிலை எழுப்பி முடித்தான். விமானம் கிட்டத்தட்ட 200 அடி உயரம். எல்லோரும் உயரத்தை அண்ணாந்து பார்ப்போம். ஆனால் கீழே சுவரில் இருக்கும் கல்வெட்டுகள், பெரும்பாலும் கட்டிய பிறகு ஆகும் செலவைப் பற்றியவை. எந்த ஊர் நிலத்திலிருந்து எவ்வளவு நெல் வரவேண்டும், யாருக்கு எவ்வளவு பங்கு என்று பக்கம் பக்கமாக, மன்னிக்கவும், கல் கல்லாக எழுதியிருக்கிறது. 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. ஒரு பங்கு என்றால் வருஷத்துக்கு 100 கலம் நெல். பாடுகிறவர், மேளக்காரர், கணக்கர், தச்சர், வண்ணார் வரை பட்டியல் நீள்கிறது. இன்றைய பாஷையில் சொன்னால் ஆனுவல் பட்ஜெட்.

எனக்குப் பிடித்தது விளக்குக் கணக்கு. ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய தினம் ஒரு உழக்கு நெய் வேண்டும். அதற்கு யாரும் உண்டியல் குலுக்கவில்லை. ஒரு விளக்குக்கு 96 ஆடு என்று இடையர்களிடம் ஒப்படைத்தார்கள். இடையர் பெயரும் கல்லில் ஏறிவிடும். ஆட்டை மேய்த்துக்கொள், பாலை எடுத்துக்கொள், குட்டியும் உனக்கு. ஆனால் தினம் ஒரு உழக்கு நெய் கோயிலுக்கு வந்தாக வேண்டும், 96 என்ற எண்ணிக்கையும் குறையக் கூடாது. கிழ ஆடு செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும். அதனால்தான் கல்வெட்டுகளில் இதற்குப் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாது, மூப்பு அடையாது.

இதே புத்தி மற்ற இடங்களிலும் இருந்தது. ஏரியைப் பராமரிக்க விட்ட நிலம் ஏரிப்பட்டி. பழுது பார்த்துப் புதுப்பிப்பதற்கென்றே விட்ட நிலம் புதுக்குப்புறம். முதலைத் தொடாமல் வருமானத்தில் மட்டும் செலவு. நம்ம கார்ப்பஸ் ஃபண்ட் இதேதான்!

"அது ராஜா கட்டின கோயில் சார், நம்ம வீட்டுக்கு எப்படிப் பொருந்தும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வாங்க, செட்டிநாட்டுக்குப் போவோம்.

கானாடுகாத்தான், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் போயிருக்கிறீர்களா? ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, சமையல் கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடித் தரை. சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு, தடவினால் பளிங்கு மாதிரி வழுக்கும். அடிக்கடி வெள்ளையடிக்கும் வேலையே இல்லை. கட்டும்போதே பின்னால் வரும் செலவைக் குறைக்கப் பார்த்திருக்கிறார்கள்.

நகரத்தார் கணக்கு விஷயத்தில் லேசுப்பட்டவர்கள் இல்லை. அவர்களிடம் 'வேறு வைத்தல்' என்று ஒரு பழக்கம். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அதே வீட்டுக்குள் தனி அடுப்பு. ஒரு வருஷத்துக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பணம் என்று பெற்றோர் அளந்து கொடுத்துவிடுவார்கள். அதற்குள் குடும்பம் நடத்தக் கற்றுக்கொள்ள வேண்டும். புதுசாக வீடு வாங்குகிறவனுக்கு யாராவது இப்படி ஒரு வருஷம் டிரெயினிங் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இவ்வளவு கெட்டிக்காரர்களின் வீடுகளில் பல ஏன் இடிந்து கிடக்கின்றன?

வருமானம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் புரியும். 1852-ல் கீழ் பர்மா முழுக்க ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. பர்மா அரிசிக்கு ஏக கிராக்கி. காடு திருத்தி நெல் போட்ட விவசாயிக்குக் கடன் கொடுத்தது செட்டியார் கடைகள். 1930 வாக்கில் பர்மாவில் 1,600-க்கும் மேற்பட்ட கடைகள், சுமார் 75 கோடி ரூபாய் முதல் என்று அப்போதைய வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. ரங்கூன் மொகல் தெருவிலிருந்து வந்த பணத்தில்தான் இங்கே வீடு எழும்பியது, வீடு நின்றதும் அதில்தான்.

அதே வருஷம் உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை சரிந்தது. கடன்காரனால் கட்ட முடியவில்லை, பணத்துக்குப் பதில் நிலம் வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1938-ல் அது சுமார் 25 சதவீதம். கேட்க ஆஹா என்று இருக்கும். ஆனால் வாங்க ஆள் இல்லாத நிலம், வட்டி தராத நிலம். சொத்து ஏறியது, கைக்காசு இறங்கியது. 1941 டிசம்பரில் ரங்கூன் மேல் ஜப்பான் குண்டு விழுந்தது. 1942-ல் நடந்தே ஊர் திரும்பியவர்கள் ஏராளம். 1948-ல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் போட்டது. அத்தனை ஆடும் போச்சு.

வீடு மட்டும் இங்கே நின்றது. ஆனால் வீட்டுக்குப் பர்மாவில் நடந்தது தெரியாதே? அது பாட்டுக்குச் செலவு கேட்டது. ஓட்டு வீடு இருக்கே, மழைக்கு முன்னால் ஏறிப் பார்த்து உடைந்த ஓட்டை மாற்றிவிட்டால் அற்பச் செலவு. விட்டால் தண்ணீர் சட்டத்தில் இறங்கும். ஈரச் சட்டத்தைக் கரையான் தேடி வரும். நாலு மழைக்கு அப்புறம் ஓடு மாற்றும் செலவு உத்தரம் மாற்றும் செலவாகிவிடும். பர்மா தேக்கு உத்தரத்துக்கு எங்கே போக? போதாக்குறைக்கு, தலைமுறை தாண்டத் தாண்டப் பங்குதாரர்கள் பெருகினார்கள். எல்லோருக்கும் சொந்தமான வீட்டில் ஓடு மாற்றுவது யார்? (எங்கள் மீட்டிங் அமைதி ஞாபகம் வருதா?) கடைசியில் கதவு, தூண், கண்ணாடி என்று பிரித்து விற்றார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இருப்பதில் பாதி, ஏதோ ஒரு வீட்டில் கட்டாத மராமத்துக் கணக்குதான் என்று எனக்குத் தோன்றும். 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. சில வீடுகள் ஹோட்டலாகி, வீடே தன் செலவைச் சம்பாதித்துப் பிழைத்துக்கொண்டன.

ஆனால் அதே நகரத்தாரின் கோயில்கள்? பிள்ளையார்பட்டிக்குப் போய்ப் பாருங்கள், ஜம்மென்று இருக்கிறது. கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு 'புள்ளி'. புள்ளிக்கு இவ்வளவு என்று கோயிலுக்குப் புள்ளி வரி. பர்மா போனாலும் புள்ளி போகவில்லை. எனக்குப் பட்டது இதுதான். கோயிலுக்கு வழி எழுதி வைத்தவர்கள், வீட்டுக்கு எழுதவில்லை. கடை எப்போதும் நடக்கும் என்று இருந்துவிட்டார்கள். சம்பளம் எப்போதும் வரும் என்று நான் நினைத்த மாதிரியே.

மீட்டிங்குக்கு வருவோம். எழுந்து நின்று சொன்னேன். 12 லட்சத்துக்கு 7 சதவீதம் வட்டி என்றால் வருஷம் 84,000. மாதம் 7,000. மோட்டார் ரிப்பேருக்கும் சில்லறைச் செலவுக்கும் இதுதான் நெய். 9 லட்சத்தை எடுத்தால் மீதி 3 லட்சம், வருஷம் 21,000 தான் வரும். இது ஆட்டை அடித்து விருந்து வைக்கிற கதை. அப்புறம் ராஜராஜன் கதையையும் சுருக்கமாகச் சொன்னேன்.

மூணாம் மாடி மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆடெல்லாம் சரி தம்பி, 37,500 யாரு குடுக்கறது?" என்றார்.

சரியான கேள்வி. 6 வருஷத்துக்கு ஒருமுறை பெயிண்ட் என்று வைத்தால், 37,500-ஐ 72 மாதத்தால் வகுத்தால் மாதம் சுமார் 520 ரூபாய். முதல் நாளிலிருந்து எடுத்து வைத்திருந்தால் இன்றைக்கு ஹாலில் யாரும் முகத்தைத் தொங்கப் போட்டிருக்க மாட்டார்கள். கடைசியில் மூன்று தவணையாகக் கட்டுவது, இனி மாதம் 550 தனிக் கணக்கில் சேர்ப்பது என்று முடிவானது. கார்ப்பஸ் தப்பியது. மாமா இன்னும் என்னை 'ஆட்டுக்காரத் தம்பி' என்றுதான் கூப்பிடுகிறார்.

வீட்டுக்கு வந்து ஒரு நோட்டுப் போட்டேன். கீசர், மோட்டார், உள் பெயிண்ட், குழாய், வரி. ஒவ்வொன்றும் எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை, எவ்வளவு, மாதத்துக்கு எவ்வளவு என்று மூன்று கட்டம். கூட்டிப் பார்த்தால் லேசாக மயக்கம் வந்தது, உண்மைதான். ஆனாலும் மாதத் தவணை போகிற அதே தேதியில் அந்தத் தொகையும் வேறு கணக்குக்குப் போகிறது. என் ஆடுகள் இப்போதைக்கு மூணோ நாலோதான். மேயட்டும்.