பெரியப்பாவின் வாயுப்பிடிப்பு

என் பெரியப்பா 1960-ம் வருடம் ஐப்பசி மாதம் இறந்தார். எனக்கு அப்போது எட்டு வயது. காரியாபட்டியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் விடியற்காலை உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டே, "வாயு பிடிச்சிருக்கு போல, கொஞ்சம் ஓமத்தண்ணி வச்சுக் குடு" என்று பெரியம்மாவிடம் கேட்டார். சட்டை முழுக்க வியர்வை. மழைக் குளிரில் இவருக்கு ஏன் இப்படி வேர்க்கிறது என்று என் அப்பா கேட்டது நினைவிருக்கிறது. ஓமத்தண்ணீர் கொதித்து முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவருக்கு வயது 43.

பெரியப்பா விருதுநகர் ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன். ஒல்லியான உடம்பு. பீடி குடிப்பார். நெய்யைக் கண்ணால் பார்ப்பதே விசேஷ நாளில்தான். எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர் அவர்தான். அதனால் எங்கள் வீட்டில் கம்பும் சோளமும் குதிரைவாலியும் பொங்கிக்கொண்டிருந்த காலத்தில், அவர் வீட்டில் மூன்று வேளையும் நெல்லுச்சோறு. எங்களுக்கு அது பெரிய பொறாமை.

சாவுக்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ராத்திரி டூட்டி என்றார்கள், காத்துக்கருப்பு என்றார்கள், பெரும்பாலோர் வாயு என்றார்கள். மாரடைப்பு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அது நெய்யும் கறியும் தின்று கொழுத்த பணக்காரர்களின் வியாதி என்றுதான் அன்றைக்கு எல்லோரும் நினைத்திருந்தார்கள். "உடம்பிலே கொழுப்பு ஏறிப்போச்சு" என்று நாம் யாரைச் சொல்வோம்? பெரியப்பா போன்ற ஆளையா?

அறுபது வருடத்துக்கு மேல் அந்த வாயுவை நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன். உயிர்வேதியியல் படிக்கும் என் பேத்தியிடம் போன வருடம் இந்தக் கதையைச் சொன்னபோது, அவள் ஒரு பழைய ஆங்கிலக் கட்டுரையைத் தேடி எடுத்து என் கையில் கொடுத்தாள். 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' என்ற மருத்துவ இதழில் 1967-ல் வந்தது. எழுதியவர் எஸ். எல். மல்ஹோத்ரா என்ற ரயில்வே டாக்டர்.

அவர் செய்த காரியம் எளிமையானது. இந்திய ரயில்வேயில் அன்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள். வடக்கே இருந்தாலும் தெற்கே இருந்தாலும் ஒரே மாதிரி வேலை, ஒரே சம்பள விகிதம், ஒரே வகையான மருத்துவப் பதிவேடு. அப்படியானால் எந்தப் பக்கத்து ஊழியர்கள் இதய நோயால் அதிகம் சாகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் ஏதாவது தெரியவரும் அல்லவா? 1958 முதல் 1962 வரையிலான சாவுகளை எடுத்து எண்ணினார். வடக்கே லட்சம் பேருக்கு 20. தெற்கே லட்சம் பேருக்கு 135. கிட்டத்தட்ட ஏழு மடங்கு. இறந்தவர்களின் சராசரி வயது வடக்கே 52, தெற்கே 44.

இந்த வரியைப் படித்துவிட்டுக் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். 1960, ரயில்வே, தெற்கு, வயது 43. டாக்டர் பார்த்துச் சான்று எழுதாத சாவு அது. அந்தக் கணக்கில் அவர் சேர்ந்திருக்க வழியில்லை. ஆனால் அவரைப் போன்றவர்களின் கணக்குத்தான் அது.

இதைவிட வியப்பு அடுத்து வருகிறது. வடக்கே பஞ்சாப் பக்கத்து ஊழியர்கள் நம் ஆட்களைவிடப் பல மடங்கு அதிகமாகக் கொழுப்பு சாப்பிட்டார்கள். அதுவும் பால், தயிர், நெய். புகைப்பதிலும் அவர்கள்தான் முன்னால். உலகம் முழுக்க டாக்டர்கள் "கொழுப்பைக் குறை" என்று சொல்லத் தொடங்கியிருந்த நேரம் அது. நம் ஊர்க் கணக்கோ தலைகீழாக நின்றது. கொழுப்பின் அளவு மட்டுமல்ல, எந்த வகைக் கொழுப்பு, எதனோடு, எப்படி மென்று சாப்பிடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும் என்று மல்ஹோத்ரா எழுதினார். அவர் சொன்ன காரணங்கள் எல்லாம் நிரூபணமாகிவிடவில்லை. இரண்டு ஊர்ச் சாவுகளை எண்ணினால் வித்தியாசம் தெரியும், காரணம் தெரியாது. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி சரியான கேள்வி. உடம்புக்குள் போன கொழுப்பு அங்கே என்னதான் செய்கிறது?

நாமெல்லாம் கொழுப்பை விளக்கில் ஊற்றும் எண்ணெய் மாதிரி நினைக்கிறோம். எரியும், எரியாதது தேங்கும், தேங்கினால் குழாய் அடைக்கும். அது பாதிக் கதைதான். மீதிக் கதை, பெரியப்பாவின் வேலையைப் போன்றது. கேபினில் ஒரு லீவரை இழுத்தால் கால் மைல் தள்ளி சிக்னல் கை இறங்கும், ரயில் வரும். உடம்பில் உள்ள ஒவ்வொரு செல்லும் இப்படி சிக்னல் கொடுத்தும் வாங்கியும்தான் வேலை செய்கிறது. விஞ்ஞானிகளும் அதே 'சிக்னல்' என்ற சொல்லையே பயன்படுத்துகிறார்கள். அந்த சிக்னல்களில் பல, கொழுப்பிலிருந்தே செய்யப்படுகின்றன என்பதுதான் புதுச் செய்தி.

1929-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதி எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத தீனி கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் கொழுக்கவும் இல்லை, நலமாகவும் இல்லை. தோல் செதில் செதிலாக உரிந்து நோய்வாய்ப்பட்டன. லினோலீயிக் அமிலம் என்ற ஒன்றைக் கொடுத்ததும் தேறின. நம் நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் நிறைய இருப்பது அதுதான். செக்கடியில் வாங்கி வந்த எண்ணெய் வெறும் ருசிக்கு மட்டும் அல்ல என்று அப்போது தெரிந்தது.

அந்த அமிலத்திலிருந்து உடம்பு இன்னொரு கொழுப்பைச் செய்து, செல்களின் மேல்தோலில் பதித்து வைத்துக்கொள்கிறது. ரத்தக்குழாயில் கீறல் விழுந்தால், ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் அந்தக் கொழுப்பைப் பிரித்தெடுத்து, 'எல்லோரும் இங்கே வாருங்கள்' என்று கூப்பிடும் ஒரு சிக்னலாக மாற்றுகின்றன. மற்ற தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டிக்கொள்ள, ரத்தம் உறைகிறது. அரிவாள் வெட்டுக்கு இது உயிர் காக்கும். இதயக் குழாயில் உள்ள கொழுப்புப் படிவு வெடித்தாலும் அதே கூப்பாடுதான். அங்கே அது உயிரை எடுக்கும்.

ஆஸ்பிரின் மாத்திரை இந்தக் கூப்பாட்டை எழும்ப விடாமல் செய்கிறது. அது 19-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே வந்துவிட்டது. ஆனால் எப்படி வேலை செய்கிறது என்று லண்டனில் ஜான் வேன் கண்டுபிடித்தது 1971-ல். அவருக்கும் ஸ்வீடனைச் சேர்ந்த பெரிஸ்ட்ரோம், சாமுவெல்சன் இருவருக்கும் 1982-ல் நோபல் பரிசு கிடைத்தது. தட்டணு ஒருமுறை ஆஸ்பிரினிடம் மாட்டிக்கொண்டால் அதன் ஆயுள் முழுக்க, சுமார் பத்து நாள், அந்த சிக்னலைக் கொடுக்க முடியாது. அதனால்தான் இன்று இதய நோயாளிக்குச் சின்ன மாத்திரையே போதுமானதாக இருக்கிறது.

1960-ல் ஆஸ்ப்ரோ மாத்திரை எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் தலைவலிக்கு விற்றுக்கொண்டிருந்தது. அதற்குள் இருந்தது இதே ஆஸ்பிரின்தான். திண்ணையிலிருந்து முப்பது அடி. அது தலைவலிக்கு மட்டும் அல்ல என்பது எங்களுக்கு மட்டுமா தெரியாது? உலகத்தில் யாருக்குமே சரியாகத் தெரியாது.

அடுத்தது கொலஸ்ட்ரால். அமெரிக்காவில் டல்லஸ் நகரத்தில் பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு டாக்டர்கள் 1973, 74-ல் கண்டுபிடித்தது இது: ரத்தத்தில் மிதந்து வரும் எல்.டி.எல். கொலஸ்ட்ராலை உள்ளே இழுத்துக்கொள்ள செல்லின் மேல் வாசல்கள் இருக்கின்றன. உள்ளே கொலஸ்ட்ரால் போதுமான அளவு இருந்தால் செல் வாசல்களைக் குறைத்துக்கொள்ளும். குறைந்தால், 'இன்னும் வாசல் வை' என்று உள்ளுக்குள் சிக்னல் போகும். பிறவியிலேயே வாசல் இல்லாத குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்தது. 1985-ல் இவர்களுக்கும் நோபல்.

அதே 1973-ல் ஜப்பானில் அகிரா எண்டோ என்பவர், சுமார் ஆறாயிரம் பூஞ்சைகளைச் சோதித்து, அரிசியில் பிடித்திருந்த ஒரு பூசணத்திலிருந்து செல்லுக்குள் கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருளைப் பிரித்தெடுத்தார். அந்த அரிசி, கியோட்டோ நகரில் ஒரு தானியக் கடையில் எடுத்தது. உற்பத்தி குறைந்ததும் செல் பதறிப்போய் வாசல்களைக் கூட்டுகிறது. ரத்தத்தில் மிதப்பது குறைகிறது. 'ஸ்டாட்டின்' என்று இரவில் போடுகிறோமே, அந்த மாத்திரைகளின் தாய் இதுதான். அந்த வகையில் முதல் மாத்திரை அமெரிக்காவில் 1987-ல் விற்பனைக்கு வந்தது.

சரி, நெய் சாப்பிடாத, ஒல்லியான பெரியப்பாவுக்கு ஏன் வந்தது? பீடி ஒரு காரணம், சந்தேகமில்லை. இன்னொன்றைத் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் நடந்து 2014-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு ஒன்று காட்டுகிறது. சோதித்தவர்களில் மொத்தக் கொலஸ்ட்ரால் அதிகம் இருந்தவர்கள் 13.9 சதவீதம்தான். ஆனால் டிரைகிளிசரைடு அதிகம் 29.5 சதவீதம். நல்ல கொலஸ்ட்ரால் என்கிற எச்.டி.எல். குறைவு 72.3 சதவீதம்! நம்மவர்களின் தொல்லை இந்த வடிவத்தில்தான் அதிகம் வருகிறது.

இதற்குப் பின்னால் இருப்பது இன்சுலின் சிக்னல். சோறு சாப்பிட்டதும் இன்சுலின் வந்து லீவரை இழுக்கிறது. ஈரலில் அதற்கு இரண்டு கம்பிகள். ஒன்று, 'சர்க்கரை தயாரிப்பதை நிறுத்து'. மற்றொன்று, 'மிஞ்சியதைக் கொழுப்பாக்கு'. ஈரலுக்குள் கொழுப்புத் துளிகள் சேர்ந்தால், அவற்றில் ஒரு வகை முதல் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. இரண்டாவது கம்பி மட்டும் ஒழுங்காக வேலை செய்கிறது. சர்க்கரையும் ஏறும், கொழுப்பும் ஏறும். எண்ணெய் ஒரு சொட்டுக்கூட விடாமல், தீட்டிய அரிசிச் சோற்றிலிருந்தே ஈரல் கொழுப்பைத் தயாரித்து ரத்தத்தில் விடும். ஒல்லியான ஆளுக்கும் இது நடக்கும். நாங்கள் பொறாமைப்பட்ட அந்த மூன்று வேளை நெல்லுச்சோற்றை இப்போது வேறு மாதிரி பார்க்கிறேன். பெரியப்பாவின் ரத்தத்தை யாரும் சோதிக்கவில்லை, அதனால் இதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

எண்ணெய்க் கதையில் டால்டாவை விட்டுவிட முடியாது. 1937-ல் வந்த இந்த வனஸ்பதி, நெய் வாங்க முடியாதவர்களின் நெய்யாக நம் கல்யாண வீடுகளுக்குள் நுழைந்தது. நெய்யில் அதைக் கலப்பவர்களைப் பிடிப்பதற்காக, வனஸ்பதியில் ஐந்து சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் வைத்திருந்தது. நல்லெண்ணெய் ஒரு சோதனையில் சிவப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும். எள்ளுக்கு அப்படி ஒரு போலீஸ் வேலை! எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி நல்லதை இறக்கும் என்று 1990-ல் நெதர்லாந்து ஆய்வு காட்டியது. நம் நாட்டில் அதை இரண்டு சதவீதத்துக்குள் நிறுத்தியது 2022 ஜனவரியில்தான்.

இனி என் அண்ணன் கதை. பெரியப்பாவின் மூத்த மகன். அப்பா இறந்தபோது பதினைந்து வயது. 1998-ல், 53 வயதில், அதே விடியற்காலை, அதே வியர்வை. "வாயுதான்" என்று அவரும் சொன்னார். ரத்தத்தில் வருவதோடு இந்தச் சொல்லும் சேர்ந்தே வருகிறது. மதினி கேட்கவில்லை. வாடகைக் காரைப் பிடித்து ஒரு மணி நேரத்துக்குள் மதுரையில் சேர்த்துவிட்டார். இன்று அண்ணனுக்கு எண்பது. காலையில் கம்மங்கூழ், இரவில் மாத்திரை. அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே ரத்தம், ஒரே ஊர், ஒரே எண்ணெய். இடையில் வந்த 38 வருடத்தில் மனிதர்கள் தெரிந்துகொண்டதுதான் வித்தியாசம்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. "பஞ்சாபி நெய் சாப்பிட்டு நன்றாக இருந்தான், கொலஸ்ட்ரால் மாத்திரை எல்லாம் ஏமாற்று, மரச்செக்கு எண்ணெய் போதும்" என்று வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது. அதைப் படித்துவிட்டு நானே நான்கு மாதம் மாத்திரையை நிறுத்தினேன். எல்.டி.எல். 84-லிருந்து 161-க்குப் போனது. அண்ணனிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "எங்கப்பாவுக்கு மாத்திரை கிடைக்கலை. உனக்குக் கிடைக்குது, நீ வேண்டாங்குற" என்று மட்டும் சொன்னார். அன்றிரவே போட்டுவிட்டேன்.

செக்கெண்ணெய் நல்லதுதான், அளவோடு. கம்பும் குதிரைவாலியும் நல்லதுதான். பீடி, சிகரெட் எந்த நாளும் கூடாது. மாத்திரையைத் தொடங்குவதும் நிறுத்துவதும், ஆஸ்பிரின் உட்பட, டாக்டரைக் கேட்டுத்தான். அது சிலருக்கு வயிற்றில் ரத்தக்கசிவைக் கொண்டுவரும்.

வீட்டில் யாராவது விடியற்காலை வேர்த்துப்போய் நெஞ்சைத் தடவிக்கொண்டு ஓமத்தண்ணீர் கேட்டால், முதலில் 108-க்குப் போன் செய்யுங்கள். ஓமத்தண்ணீரைத் திரும்பி வந்து வைத்துக்கொள்ளலாம்.