நாம், நாங்கள், நான்: 1989-இன் தலையங்கங்கள்

மொழிபெயர்க்கவே முடியாத சொல் என்று கேட்டால் தத்துவத்திலோ கவிதையிலோதான் தேடுவோம். என்னைப் பல நாள் அலைக்கழித்தது ஒரு போலந்து நாளிதழின் தலைப்பில் இருக்கும் சின்னஞ்சிறு சொல். ‘நாஷ்’. நம்முடைய என்றும் சொல்லலாம், எங்களுடைய என்றும் சொல்லலாம். போலிஷ் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது. கேட்பவரையும் சேர்த்துக்கொள்கிறோமா, வெளியே நிறுத்துகிறோமா என்று முடிவு செய்தாக வேண்டும்.

அந்தத் தலைப்பு 1989 ஜூலை 3 அன்று ‘கஸெட்டா விபோர்ச்சா’ இதழில் வந்தது. பெயரின் பொருளே ‘தேர்தல் நாளிதழ்’. வட்டமேசைப் பேச்சுவார்த்தையில் கம்யூனிஸ்ட் அரசு விட்டுக்கொடுத்தவற்றில் இந்தப் பத்திரிகையும் ஒன்று. முதல் இதழ் மே 8-இல் வெளியானது. ஆசிரியர் ஆதாம் மிக்னிக், பலமுறை சிறைக்குப் போய்வந்தவர். ஜூன் 4 தேர்தலில் கீழவையின் 460 இடங்களில் 161-இல் மட்டுமே எதிர்க்கட்சியினர் போட்டியிட முடியும் என்பது ஒப்பந்தம். இரண்டாம் சுற்று முடிந்தபோது அந்த 161-ஐயும் ‘சாலிடாரிட்டி’ ஜெயித்திருந்தது. மேலவையில் 100-க்கு 99. தோற்ற தரப்பின் கையில் இன்னும் ராணுவம், போலீஸ், கீழவையின் பெரும்பான்மை எல்லாம் இருந்தன. அடுத்து என்ன என்று யாருக்கும் தெரியாத அந்த நேரத்தில் மிக்னிக் வைத்த தலைப்பு: ‘உங்கள் ஜனாதிபதி, எங்கள் பிரதமர்.’

இன்றைக்குப் படித்தால் சாதாரண பேரம் மாதிரி இருக்கும். ஜனாதிபதி பதவி உங்களுக்கு, மாஸ்கோ பதறாது. பிரதமர் பதவி எங்களுக்கு, சீர்திருத்தம் நடக்கும். அவ்வளவுதான். ஆனால் நாற்பது ஆண்டுகளாகப் பத்திரிகைத் தலையங்கம் என்பது எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அங்கே ‘நீங்கள்’ என்று யாருமே கிடையாது. கட்சி, தொழிலாளி, நாடு எல்லாம் சேர்ந்த ஒரே ‘நாம்’. உங்களைக் கேட்காமலேயே உங்களையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் ‘நாம்’.

அந்த ‘நாம்’ எப்படி வேலை செய்தது என்பதற்கு மாஸ்கோவில் நல்ல உதாரணம் கிடைக்கிறது. 1988 மார்ச் 13 அன்று ‘சோவியத்ஸ்கயா ரஷ்யா’ இதழில் நீனா அந்த்ரேயெவா என்ற லெனின்கிராட் வேதியியல் ஆசிரியை, கோர்பச்சேவின் சீர்திருத்தங்களை எதிர்த்து ஒரு நீண்ட கடிதம் எழுதினார். மூன்று வாரம் கிட்டத்தட்ட மௌனம். காற்று மாறிவிட்டதோ என்று பயந்து பலரும் வாயைத் திறக்கவில்லை. ஏப்ரல் 5-இல் ‘ப்ராவ்தா’ பதில் கட்டுரை வெளியிட்டது. எழுதியவர் பெயர் இல்லை. பின்னணியில் இருந்தவர் கோர்பச்சேவின் சகா அலெக்ஸாந்தர் யாகவ்லெவ். பெயர் இல்லாததாலேயே அது மேலிடத்தின் குரல் என்று வாசகர்களுக்குப் புரிந்தது. சீர்திருத்தத்தை ஆதரிக்கும் கட்டுரைக்கும் பழைய உத்தரவின் உருவம்தான் தேவைப்பட்டது. இந்த முரண் எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

கிழக்கு ஜெர்மனியில் இதைவிட மோசம். 1989 அக்டோபர் 2. ஆயிரக்கணக்கானவர்கள் பிராக் நகரின் மேற்கு ஜெர்மன் தூதரகம் வழியாக நாட்டைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். கட்சி நாளிதழ் ‘நோயஸ் டொய்ச்லாண்ட்’ அவர்களைப் பற்றி எழுதியது: போகிறவர்களுக்காகக் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஜெர்மன் மூலத்தில் அந்த வாக்கியத்தின் எழுவாய் ‘மன்’. யாரோ ஒருவர், எவரும், யாருமில்லை என்று எல்லாமும் ஆகிற சொல். அந்த வரியைச் சேர்த்தது தலைவர் ஹோனெக்கரே என்று பின்னால் தெரியவந்தது. பிள்ளைகள் ரயிலேறிப் போன வீடுகளில் அதைப் படித்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 9 அன்று, லைப்ஸிக் தெருக்களில் சுமார் 70,000 பேர் ‘நாங்கள்தான் மக்கள்’ என்று முழங்கினார்கள். இங்கே ‘நாங்கள்’ என்றுதான் தமிழில் போட முடியும். ஆட்சியாளர்களைப் பார்த்துச் சொன்னது அது. சில வாரங்களில் கோஷம் ‘நாம் ஒரே மக்கள்’ என்று மாறியது. இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். ஜெர்மனில் இரண்டுக்கும் ஒரே ‘விர்’தான்.

போலந்துக்குத் திரும்புவோம். மிக்னிக்கின் யோசனையை அவருடைய முகாமிலேயே பலர் ஏற்கவில்லை. ‘சாலிடாரிட்டி’ வார இதழின் ஆசிரியர் ததேயூஷ் மசோவியெட்ஸ்கி, அவசரம் வேண்டாம் என்று பதில் கட்டுரை எழுதினார். ஜூலை 19-இல் ஜெனரல் யாருசெல்ஸ்கி நூலிழையில் ஜனாதிபதி ஆனார். ஆகஸ்ட் 24-இல் பிரதமரானவர் யார் தெரியுமா? அதே மசோவியெட்ஸ்கி. ஆதரவாக 378 ஓட்டு. சாலிடாரிட்டிக்கு இருந்ததோ 161. அதாவது பாதிக்கும் மேல் அந்தப் பக்கத்து ஓட்டுகள். ‘எங்கள் பிரதமர்’ என்று கேட்டு வாங்கியவர் அந்த ஓட்டெடுப்பில் ‘நம் பிரதமர்’ ஆகிவிட்டார்.

அது நீடிக்கவில்லை. கடந்த காலத்துக்கும் நமக்கும் நடுவே தடித்த கோடு போடுகிறோம் என்று அன்று அவர் பேசினார். பழைய ஆட்சி விட்டுச்சென்றதற்கு என் அரசு பொறுப்பாகாது என்பதுதான் அதன் பொருள். குற்றவாளிகளை மன்னித்துவிட்டார் என்று எதிரிகள் அதை மாற்றிச் சொன்னார்கள். அந்தப் பொருள்தான் ஒட்டிக்கொண்டது. 1990-இல் வவென்சாவும் மசோவியெட்ஸ்கியும் ஜனாதிபதி தேர்தலில் எதிரெதிரே நின்றார்கள். மிக்னிக்கின் பத்திரிகை மசோவியெட்ஸ்கி பக்கம். செப்டம்பரில் சாலிடாரிட்டி சின்னத்தை முகப்பில் போடும் உரிமையை அது இழந்தது. அக்டோபரில் மிக்னிக் ஒரு கட்டுரை எழுதினார்: லேக் வவென்சாவுக்கு ஏன் வாக்களிக்க மாட்டேன். ‘மாட்டோம்’ இல்லை, ‘மாட்டேன்’. மசோவியெட்ஸ்கி மூன்றாம் இடத்துக்குப் போனார், வவென்சா ஜெயித்தார்.

பதினாறு மாதத்துக்குள் ‘நாங்கள்’ ‘நான்’ ஆகிவிட்டது. இதைச் சரிவு என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெயர் போடாத கட்டுரை ஒரு நாட்டையே நடுங்கவைத்த காலம் போய், ஒருவர் தன் பெயரைப் போட்டு, தோற்கப்போகிற பக்கம் நின்று, என் ஓட்டு அவருக்கு இல்லை என்று எழுத முடிந்ததே, அதைத்தானே கேட்டுப் போராடினார்கள்?

அந்த 1989 தலைப்பைத் தமிழில் ‘எங்கள் பிரதமர்’ என்றே வைத்தேன். ‘நம்’ என்று போட்டிருந்தால் காதுக்கு இனிமையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்தச் சொல்லை அவர்கள் நாற்பது வருஷம் கேட்டிருந்தார்கள்.