துயில் கலைந்த கணினி பேச மறப்பதேன்?

கள ஆய்வில் பதிவுசெய்த முதியவர் ஒருவரின் நேர்காணலைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். தேநீர் அருந்த மடிக்கணினியை மூடிவிட்டுச் சென்று, திரும்பிவந்து திறந்தபோது ஓசை இல்லை. ஒலியளவு முழுமையாக இருந்தது, பதிவும் ஓடிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியையே மாற்ற வேண்டும் என்றார் பழுதுபார்ப்பவர். அறைக்குத் திரும்பி மறுதொடக்கம் செய்தேன். முதியவரின் குரல் மீண்டது. உடைந்த பாகம் மறுதொடக்கத்தால் குணமாவதில்லை. ஆகவே கணினி இழந்தது பாகத்தை அன்று, நினைவை. அந்த நினைவைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

1992இல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் ஏபிஎம் என்னும் மின்சக்தி மேலாண்மை முறையை வகுத்தன. அதில் கணினியை உறங்கவைப்பதும் எழுப்புவதும் பெரும்பாலும் பயாஸின் பணி. தாய்ப்பலகையில் உள்ளவற்றைப் பயாஸ் அறியும். பயனர் பின்னர் வாங்கிச் செருகிய ஒலி அட்டையை அது அறியாது.

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகியவை வெளியிட்ட ஏசிபிஐ தரநிலை இப்பொறுப்பை இயங்குதளத்திடம் ஒப்படைத்தது. அது எஸ்3 எனக் குறிக்கும் உறக்கநிலையில் முதன்மை நினைவகத்துக்கு மின்சாரம் தொடரும். ஏனைய பாகங்கள் பெரும்பாலும் அணைந்துவிடும். எந்த முனை ஒலிபெருக்கிக்கு, எது காதணிபேசிக்கு, ஒலியளவு எவ்வளவு என்னும் குறிப்புகள் ஒலிச் சில்லின் பதிவகங்களிலிருந்து மறையக்கூடும். விழித்ததும் அவற்றை மீண்டும் எழுதுவது இயக்கி மென்பொருளின் கடமையாயிற்று.

2004இல் வந்த இன்டெலின் ஹை டெஃபினிஷன் ஆடியோ தரநிலை ஒலிச் சில்லுடன் பேசும் மொழியைப் பொதுவாக்கியது. ஆயினும் சில்லின் எந்த முனையை எதனுடன் இணைப்பது என்பது ஒவ்வொரு மடிக்கணினி உற்பத்தியாளரின் விருப்பமாகவே நின்றது. அவ்விவரத்தைத் தொடக்கத்தில் பயாஸ் எழுதிவைக்கும். உறக்கத்திலிருந்து எழும்போதோ பயாஸ் குறுக்குவழியில் செல்கிறது. விடுபட்டதை இயக்கி அறியாவிடில் மௌனமே மிஞ்சும். லினக்ஸ் கருனியின் ஒலி இயக்கிக்குள் குறிப்பிட்ட மடிக்கணினி மாதிரிகளுக்கான விதிவிலக்குகள் நீண்ட பட்டியலாக இருப்பது இதனால்தான். எழுதப்படாத வடிவமைப்பு முடிவுகளின் ஆவணக்காப்பகம் என்றே அப்பட்டியலை வாசிக்கலாம்.

2012இல் விண்டோஸ் 8 கொணர்ந்த புதிய காத்திருப்பு முறை உறக்கத்துக்கும் விழிப்புக்கும் இடையிலான எல்லையையே மங்கச் செய்தது. அதில் கணினி முழுவதும் ஒருசேர உறங்குவதில்லை. பாகங்கள் தனித்தனியே கண்ணயர்கின்றன. நினைவைச் சேமித்து மீட்கும் சுமை இயக்கிகளின் மேல் மேலும் ஏறியது.

இவ்வரலாறு தீர்வின் வரிசையையும் காட்டுகிறது. முதலில், ஒலி வெளியீடு வெளித்திரைக்கோ புளூடூத் கருவிக்கோ மாறிவிட்டதா எனப் பாருங்கள். அடுத்து ஒலிச் சேவையை மட்டும் மறுதொடக்கம் செய்யுங்கள்: விண்டோஸில் விண்டோஸ் ஆடியோ, லினக்ஸில் பைப்வயர் அல்லது பல்ஸ்ஆடியோ. பலனில்லையெனில், விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் ஒலிக்கருவியை முடக்கி மீண்டும் இயக்குங்கள். இழந்த குறிப்புகளை இயக்கி புதிதாக எழுத அது வாய்ப்பளிக்கும். பின்னர் கணினியையே மறுதொடக்கம் செய்யுங்கள். விண்டோஸில் வெறுமனே அணைத்து இயக்குவது போதாமற்போகலாம். விரைவுத் தொடக்க வசதி பழைய நிலையின் ஒரு பகுதியை வட்டில் சேமித்து மீட்டெடுக்கும். சிக்கல் திரும்பத் திரும்ப வந்தால், உற்பத்தியாளர் வெளியிட்ட இயக்கியையும் பயாஸையும் புதுப்பியுங்கள். இத்தனைக்கும் பின்னரே ஒலிபெருக்கியை ஐயுறுங்கள்.

உதவித்தொகையில் வாழும் ஆய்வு மாணவருக்கு ஓர் ஒலிபெருக்கியின் விலை சிறிதன்று. பழுது எனச் சொல்லப்பட்டதை ஏற்குமுன், அந்தக் கணினி எதை மறந்தது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.