சுழலும் வட்டம்: லிங்கராஜபுரத்தின் தொலைக்காட்சி வரலாற்றில் ஒரு பக்கம்

2016 செப்டம்பர் 5 அன்று இரண்டு செய்திகள் வந்தன. பத்து நாள்களுக்கு வினாடிக்கு 15,000 கனஅடி காவிரி நீரைத் தமிழ்நாட்டுக்குத் திறந்துவிடுமாறு உச்ச நீதிமன்றம் கர்நாடகத்துக்கு ஆணையிட்டது. அதே நாளில் ஜியோ தன் நான்காம் தலைமுறை அலைபேசிச் சேவையைத் தொடங்கி, ஆண்டிறுதிவரை தரவு இலவசம் என்றது. முதற்செய்தியை அரசியல் வரலாறு எழுதிக்கொண்டது, இரண்டாவதைத் தொழில்நுட்ப வரலாறு. லிங்கராஜபுரம் போன்ற பெங்களூர்த் தமிழ்க் குடியிருப்புகளைப் பொறுத்தவரை இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

1809இல் ஆங்கிலேயர் தண்டு அமைத்தது முதல் நகரின் கிழக்கிலும் வடகிழக்கிலும் தமிழர் குடியேற்றம் வளர்ந்தது. காக்ஸ் டவுன், பிரேசர் டவுன் ஆகியவற்றை அடுத்த லிங்கராஜபுரமும் அந்நிலப்பரப்பைச் சேர்ந்தது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியபோதும் அதன் தரைவழி அலை இவ்வளவு தொலைவை எட்டவில்லை. 1981 நவம்பர் 1இல் பெங்களூர் நிலையம் வந்தது. அதன் மொழி இயல்பாகவே கன்னடம். அன்றாடத் தமிழ் வீட்டுக்குள் வந்தது 1993 ஏப்ரல் 14இல் சன் தொலைக்காட்சி தொடங்கிய பின்னர், செயற்கைக்கோளும் கேபிளும் வழியாக. அந்தக் கம்பியின் விசை பார்ப்பவர் கையில் இல்லை என்பதைப் பலர் மறந்தே இருந்தனர். காவிரிப் பூசல் முற்றும்போது தமிழ்ப் படக்காட்சிகள் நிறுத்தப்படுவது முன்னரும் உண்டு. 2016 செப்டம்பரில் கர்நாடகத்தின் பல பகுதிகளில் கேபிள் நடத்துநர்கள் தமிழ் அலைவரிசைகளை நிறுத்தினர். 12ஆம் நாள் பெங்களூரில் பேருந்துகள் எரிந்தன.

தவறிய நிகழ்ச்சியை இணையத்தில் பின்னர் பார்க்கும் வழக்கம் அதற்கு முன்பே தோன்றிவிட்டது. ஆனால் அது பொறுமையைக் கேட்ட வழக்கம். 2004ஆம் ஆண்டின் அகலப்பட்டைக் கொள்கை வினாடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே அகலப்பட்டை என வரையறுத்தது. 2013இல்தான் அது 512 ஆயிற்று. வினாடிக்கு 500 கிலோபிட் தேவைப்படும் சுமாரான காணொளியாக ஒரு தொடரின் 20 நிமிடப் பகுதியைக் கொண்டால், அது ஏறக்குறைய 75 மெகாபைட். 256 வேகத்தில் அது வந்துசேர 39 நிமிடம் ஆகும். தடையின்றிப் பார்க்க விரும்புபவர் முதல் 19 நிமிடம் திரையை நிறுத்திவைத்துச் சாம்பல்நிறக் கோடு நீள்வதைப் பார்த்திருக்க வேண்டும். அல்லது எழுந்துபோய் உலை வைத்துவிட்டு வரலாம். விளம்பர இடைவேளைகளைத் தாண்டிவந்தவர்கள் வேறோர் இடைவேளைக்குப் பழகினர்.

இத்தேக்கத்துக்குரிய 'பஃபர்' என்னும் சொல் கணினிக்கு முன்பே இரயில்வேயில் வழங்கியது. பெட்டிகள் மோதும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் உறுப்பு அது. கணினித் தமிழில் 'இடையகம்' என்கிறார்கள். செயற்பாட்டை நோக்கினால் அது ஒரு நீர்த்தேக்கம்: வரத்து குறைந்து வெளியேற்றம் தொடர்ந்தால் வற்றிவிடும். மக்கள் இக்கலைச்சொற்களைப் பொருட்படுத்தவில்லை. 'சுத்துது' என்றார்கள். தமிழ்ப் பேச்சு வழக்கின் 'சுத்து'வும் கன்னடத்தின் 'சுத்து'வும் ஒரே திராவிட வேரிலிருந்து வந்தவை. மேல்வீட்டில் கன்னடத் தொடரும் கீழ்வீட்டில் தமிழ்த் தொடரும் ஒரே வேளையில் நின்றுபோனால் இரு வீட்டாரின் முணுமுணுப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிக்கும். காவிரி வழக்கில் எதிரெதிராக நிறுத்தப்பட்ட மொழிகள் இவை என்பது அப்போது நினைவுக்கு வருவது கடினம்.

செப்டம்பரில் கேபிள் நின்றபோது இலவசத் தரவு கைக்கு வந்திருந்தது தற்செயல்தான். 2015 பிப்ரவரியில் தொடங்கிய ஹாட்ஸ்டார் விஜய் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தந்தது. யூடியூபிலும் பல தொடர்கள் கிடைத்தன. சன் நெக்ஸ்ட் 2017 ஜூனில்தான் வந்தது. எனினும் இதைக் கம்பியிலிருந்து கிடைத்த விடுதலை என்று கொண்டாடுவது அவசரம். நாளொன்றுக்கு 4 ஜிபி தீர்ந்ததும் ஜியோவின் வேகம் 128 கிலோபிட்டாகக் குறைந்தது. 2004இன் வரையறையில் அது சரிபாதி. வட்டம் மீண்டும் சுழன்றது. கேபிள் பெட்டியின் முன் மாலைதோறும் அமர்ந்தோருள் முதியோர் பலர். புதிய வழியோ பேரப்பிள்ளைகளின் அலைபேசியில், ஐந்து அங்குலத் திரையில் இருந்தது. இழப்பு யாருக்கு, ஈடு யாருக்கு என்னும் கேள்வியைத் தரவுப் பயன்பாட்டுப் புள்ளிவிவரங்கள் எழுப்புவதில்லை.

சுழலும் வட்டமே பின்னர் அரிதாயிற்று. காணொளியைச் சில வினாடித் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் பல தரங்களில் வைத்து, வேகத்துக்கேற்ற தரத்தை அனுப்பும் முறையை ஆப்பிள் 2009இல் வெளியிட்டிருந்தது. அதுவும் அதையொத்த முறைகளும் பரவியபின் படம் நிற்பதற்குப் பதிலாக மங்கியது. 2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கியபோது, வலையமைப்பின் சுமையைக் குறைக்க, அலைபேசி இணைப்புகளில் காட்சித் தரத்தை 480 பிக்சலுக்கு மேற்படாமல் வைத்துக்கொள்ளப் பெரிய தளங்கள் ஒப்புக்கொண்டன. அப்போது லிங்கராஜபுரத்தில் தமிழ்த் தொடரும் கன்னடத் தொடரும் ஒரே அளவுக்கு மங்கின.