முல்லைத்தீவில் முதற் கரைவலை

2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்த நாளிலிருந்து அம்மா கடற்கரைப் பக்கம் போனதில்லை. கடந்த ஓகஸ்ட் பாடசாலை விடுமுறைக்கு வவுனியாவிலிருந்து குடும்பமாக முல்லைத்தீவு போனபோதும் வாகனத்தை விட்டு இறங்கவில்லை.

கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டு, படகிலிருந்து வலையை அரைவட்டமாக இறக்கி, மறுமுனையைச் சற்றுத் தள்ளிக் கரை சேர்ப்பார்கள். இரு பக்கமும் ஆட்கள் இழுக்க, நடுவிலுள்ள மடிக்குள் மீன் சேரும். வாடைக்காற்றுக்கு இக்கடல் கொந்தளிக்கும். சோளகக் காலமே இத்தொழிலுக்கு உகந்தது.

"தம்பி, நீங்களும் பிடியுங்கோ" என்றார் ஒரு முதியவர். பிள்ளைகளும் நானும் பிடித்தோம். எனக்கு இதுதான் முதல் தடவை. சற்று நேரத்தில் உள்ளங்கை உரிந்தது. "கையால இல்லை, காலை மணலில ஊண்டிப் பின்னுக்குச் சாய்ஞ்சு இழுக்கோணும்" என்று திருத்தினார்.

மடியில் சூடை, நெத்தலி, காரல். கயிறு பிடித்தவர்களுக்குக் கறிக்கு மீன் கொடுப்பது வழக்கம். எங்களுக்கும் ஒரு பை கிடைத்தது. மகள் அதை வாகனத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அம்மா திறந்து பார்த்தார். "நல்ல சூடை. வெயில் ஏற முதல் கழுவுவம்" என்றபடி இறங்கி, அலைக்குள் கால் வைத்தார்.