ரொட்டி இயந்திரம்

ரொட்டி இயந்திரம் என்பது மாவு, நீர், ஈஸ்ட் முதலிய மூலப்பொருட்களை ஒரே கலத்தில் பெற்று, பிசைதல், பொங்கவைத்தல், வெதுப்புதல் ஆகிய மூன்று பணிகளையும் தானாகவே செய்து ரொட்டியாக்கித் தரும் வீட்டு மின்கருவி ஆகும். 1980களின் நடுப்பகுதியில் ஜப்பானில் உருவாக்கப்பட்ட இக்கருவி, பின்னர் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவியது. பிசையும் வேலையையும் காத்திருக்கும் வேலையையும் இயந்திரம் ஏற்றுக்கொள்கிறது. மாவின் பதம் அறியும் வேலை பெரும்பாலும் பயன்படுத்துவோரிடமே விடப்படுகிறது. ஒரே இயந்திரத்தில், ஒரே செய்முறையில் ஒருவருக்கு நல்ல ரொட்டியும் மற்றொருவருக்குக் கல் போன்ற ரொட்டியும் கிடைப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம் ஆகும்.

பெயர்

தமிழில் ரொட்டி என்னும் சொல் கல்லில் சுடப்படும் தட்டை ரொட்டியையும், ஈஸ்ட் சேர்த்துப் பொங்கவைத்து வெதுப்பப்படும் ரொட்டியையும் குறிக்கும். இக்கட்டுரையில் அது இரண்டாவது பொருளில் மட்டும் ஆளப்படுகிறது. இலங்கைத் தமிழில் இது பாண் எனப்படும். பாண் என்பது போர்த்துக்கேய மொழியில் இருந்து வந்த சொல். ஜப்பானிய மொழியில் ரொட்டியைக் குறிக்கும் பான் என்னும் சொல்லும் போர்த்துக்கேயர் வழியாகச் சென்றதே. ஜப்பானில் இவ்வியந்திரம் பொதுவாக 'ஹோம் பேக்கரி' என்று அழைக்கப்படுகின்றது.

இயந்திரத்தின் கொள்ளளவு, அதில் செய்யத்தக்க ரொட்டியின் எடையால் குறிப்பிடப்படுகிறது. 1, 1½, 2 இறாத்தல் அளவுகள் வழக்கமானவை. 1 இறாத்தல் ஏறத்தாழ 450 கிராம் ஆகும்.

வரலாறு

மாவு பிசைவதை இயந்திரமயமாக்கும் முயற்சிகள் மிகவும் பழையவை. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் உணவகத் தொழில் செய்துவந்த ஆப்பிரிக்க அமெரிக்கரான ஜோசப் லீ, ரொட்டி மாவு பிசையும் இயந்திரம் ஒன்றுக்கு 1894 இல் காப்புரிமை பெற்றார். இத்தகைய இயந்திரங்கள் வெதுப்பகங்களுக்கும் விடுதிகளுக்கும் உரியவையாக இருந்தன. பிசைவது முதல் வெதுப்புவது வரை அனைத்தையும் ஒரே பெட்டிக்குள் செய்யும் வீட்டுக் கருவி, மலிவான நுண்கட்டுப்படுத்திகள் கிடைத்த பின்னரே இயன்றது.

ஜப்பானின் மட்சுசிட்டா மின்தொழில் நிறுவனம் (2008 முதல் பானாசோனிக்) 1984 இல் தன்னுடைய மூன்று பிரிவுகளை ஒன்றிணைத்தது. ஒன்று சோறு சமைக்கும் மின்கலங்களையும், மற்றொன்று சூடாக்கும் கருவிகளையும், மூன்றாவது மின்னோடியால் இயங்கும் அரைப்புக் கருவிகளையும் செய்துவந்தன. மூன்றின் தொழில்நுட்பமும் சேரக்கூடிய பொருளாக ரொட்டி இயந்திரம் அமைந்தது. கணினிக் கட்டுப்பாடு முதலாவதிலிருந்தும், வெப்பமூட்டல் இரண்டாவதிலிருந்தும், சுழற்சி மூன்றாவதிலிருந்தும் கிடைத்தன.

எனினும் முதல் மாதிரிகள் நல்ல ரொட்டியைத் தரவில்லை. மேலோடு கருகியது, உட்பகுதி வேகவில்லை. இயந்திரம் பிசைந்த மாவையும் தேர்ந்த கலைஞர் பிசைந்த மாவையும் ஊடுகதிர்ப் படம் எடுத்து ஒப்பிட்டும் காரணம் புலப்படவில்லை. அப்போது மென்பொருள் உருவாக்குநரான இக்குக்கோ தனாக்கா என்பவர், ஒசாக்கா பன்னாட்டு விடுதியின் தலைமை ரொட்டிக் கலைஞரிடம் சென்று தொழில் பழகினார். அக்கலைஞர் மாவைப் பிசையும்போது அதை ஒருவகையில் முறுக்கி இழுப்பதை அவர் கண்டறிந்தார். பொறியாளர்களுடன் சேர்ந்து பலமுறை முயன்று, கலத்தின் உட்சுவரில் புடைப்பு வரிகளை அமைத்து அந்த அசைவை இயந்திரத்தில் கொண்டுவந்தனர். மாவு துடுப்புடன் சேர்ந்து வெறுமனே சுற்றாமல், இவ்வரிகளில் தடைபட்டு இழுபடும்.

அடுத்து எழுந்தது வெப்பச் சிக்கல். அறை வெப்பநிலை மாறினால் ஈஸ்ட் செயற்படும் வேகமும் மாறியது. ஈஸ்ட்டைத் தொடக்கத்திலேயே கலக்காமல் பிந்திய கட்டத்தில் சேர்ப்பதன் மூலம் இதற்குத் தீர்வு காணப்பட்டது. இயந்திரம் 1987 இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது.

2010 இல் சான்யோ நிறுவனம் 'கோபான்' என்னும் இயந்திரத்தை வெளியிட்டது. இது அரிசி மணிகளை ஊறவைத்து, தானே அரைத்து, கோதுமைப் பசையமும் ஈஸ்ட்டும் சேர்த்து ரொட்டியாக்கியது.

அமைப்பு

ரொட்டி இயந்திரத்தின் முதன்மைப் பகுதிகள் பின்வருமாறு:

• வெதுப்புக் கலம்: ஒட்டாப் பூச்சு இடப்பட்ட உலோகப் பாத்திரம். வெளியே எடுக்கத்தக்கது.
• துடுப்பு: கலத்தின் அடியில் உள்ள அச்சில் பொருத்தப்படும் பிசையும் உறுப்பு.
• மின்னோடி: துடுப்பைச் சுழற்றுவது.
• வெப்பச் சுருள்: கலத்தைச் சுற்றி அமைந்திருக்கும். பொங்கும் கட்டத்தில் மென்சூட்டையும், வெதுப்பும் கட்டத்தில் கடுஞ்சூட்டையும் தரும்.
• வெப்பநிலை உணரி: உட்பெட்டியின் சூட்டை அளப்பது.
• நுண்கட்டுப்படுத்தி: நிரல்களைச் சேமித்து, மேற்கண்டவற்றைக் காலமுறைப்படி இயக்குவது.

ஜப்பானில் 100 வோல்ட்டும், அமெரிக்காவில் 120 வோல்ட்டும், இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட்டும் வழங்கப்படுவதால், முதலிரு நாடுகளில் வாங்கிய இயந்திரத்தை இங்கு நேரடியாக மின்னிணைப்பில் பொருத்தக்கூடாது. தகுந்த திறனுள்ள மின்மாற்றி தேவை.

இயங்கும் முறை

சாதாரண வெள்ளை ரொட்டிக்கான நிரல் 3 முதல் 4 மணிநேரம் ஓடும். கட்டங்கள் வருமாறு:

1. பிசைதல்: கோதுமையில் உள்ள கிளையடின், குளுட்டெனின் என்னும் புரதங்கள் நீருடன் சேர்ந்து பசையம் எனப்படும் மீள்தன்மையுள்ள வலையாகின்றன. பிசையப் பிசைய இவ்வலை வலுப்பெறும்.
2. பொங்குதல்: ஈஸ்ட் மாவிலுள்ள சர்க்கரையை உண்டு கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகிறது. பசைய வலை இவ்வாயுவைப் பிடித்துவைப்பதால் மாவு உப்புகிறது.
3. தணித்தல்: துடுப்பு சிறிது நேரம் சுழன்று பெரிய வாயுக் குமிழ்களை உடைத்து மாவைச் சீராக்குகிறது.
4. இறுதிப் பொங்குதல்: மாவு கலத்தின் வடிவத்தைப் பெற்று மீண்டும் உயர்கிறது.
5. வெதுப்புதல்: முதலில் வாயு விரிந்து ரொட்டி மேலும் உயரும். ஏறத்தாழ 60 °செ அளவில் ஈஸ்ட் இறந்துவிடும். மாப்பொருள் நீரை உறிஞ்சிக் கெட்டிப்படும். உட்பகுதி ஏறத்தாழ 95 °செ அடையும்போது ரொட்டி வெந்திருக்கும்.

முழுக்கோதுமை நிரலில், உமி நீரை உறிஞ்சுவதற்காகத் தொடக்கத்தில் ஓய்வு நேரம் சேர்க்கப்படுவதுண்டு. மாவு மட்டும் பிசைந்து தரும் நிரலைக் கொண்டு பன், பீத்சா முதலியவற்றுக்கு மாவு தயாரித்து, ஓவனில் தனியே வெதுப்பலாம்.

கட்டுப்பாட்டின் எல்லை

பெரும்பாலான இயந்திரங்கள் நேரத்தையும் பெட்டியின் வெப்பநிலையையும் மட்டுமே அறியும். மாவு தளர்வாக உள்ளதா, போதிய அளவு பொங்கிவிட்டதா என்பதை அறிவதற்கான உணரி அவற்றில் இல்லை. கட்டுப்பாட்டியலின் மொழியில் கூறினால், மாவைப் பொறுத்தவரை இது பின்னூட்டம் இல்லாத திறந்த கட்டுப்பாடு ஆகும். மாவு பொங்கினாலும் பொங்காவிட்டாலும் குறித்த நிமிடத்தில் வெதுப்புதல் தொடங்கிவிடும். ஆகவே விடுபட்ட பின்னூட்டத்தைப் பயன்படுத்துவோரே தர வேண்டியுள்ளது. அளவாக இடுதல், பிசையும்போது பார்த்தல் ஆகிய இரண்டும் அதற்கான வழிகள்.

மூலப்பொருட்களும் அளவும்

ரொட்டித் தொழிலில் மாவின் எடையை 100 எனக் கொண்டு ஏனைய பொருட்களை அதன் விழுக்காடாகக் குறிப்பது வழக்கம். மாவின் அளவை மாற்றினாலும் விகிதம் மாறாது என்பது இதன் பயன். 500 கிராம் மாவுக்கான பொதுவான அளவுகள்:

• மைதா அல்லது ரொட்டி மாவு: 500 கிராம் (100%)
• நீர்: 310 முதல் 325 கிராம் (62–65%)
• உப்பு: 9 கிராம் (1.8%)
• சர்க்கரை: 15 கிராம் (3%)
• வெண்ணெய் அல்லது எண்ணெய்: 15 கிராம் (3%)
• உடனடி ஈஸ்ட்: 5 கிராம் (1%)

கிண்ணத்தால் அளப்பதைவிட எடைபோடுவது சிறந்தது. ஒரே கிண்ணத்தில் மாவைத் தளர்வாக இட்டால் ஏறத்தாழ 120 கிராமும், அழுத்தி இட்டால் 150 கிராமும் பிடிக்கும். இந்த வேறுபாடே ரொட்டியைக் கெடுக்கப் போதுமானது.

சப்பாத்திக்கான முழுக்கோதுமை மாவு மைதாவைவிடக் கூடுதல் நீரை ஏற்கும். அரைப்பின்போது மாப்பொருள் துகள்கள் சிதைவதும், மாவில் உமி இருப்பதும் இதற்குக் காரணங்கள். உமித் துகள்கள் பசைய வலையைக் குலைப்பதால் முழுக்கோதுமை ரொட்டி உயரம் குறைந்தே வரும். பாதி மைதாவும் பாதி கோதுமை மாவுமாகத் தொடங்கி, சிறிது சிறிதாக விகிதத்தை மாற்றுவது எளிது.

பயன்படுத்தும் முறை

முதலில் துடுப்பைப் பொருத்திக் கலத்தில் நீர், எண்ணெய், உப்பு, சர்க்கரை ஆகியவற்றை இட வேண்டும். அவற்றின்மேல் மாவைப் பரப்பி, மாவின் நடுவே சிறு குழியமைத்து ஈஸ்ட்டை இட வேண்டும். நேரம் குறித்துப் பின்னர் இயங்கச் செய்யும்போது ஈஸ்ட் முன்கூட்டியே நனையாமல் இருக்கவே இவ்வொழுங்கு. சில இயந்திரங்களுக்கு இதற்கு நேர்மாறான வரிசை உண்டு என்பதால் உடன்வரும் கையேட்டைப் பின்பற்ற வேண்டும்.

பிசைதல் தொடங்கிய 5 முதல் 10 நிமிடங்களுக்குள் மூடியைத் திறந்து பார்ப்பது மிக முக்கியமானது. இக்கட்டத்தில் மூடியைத் திறப்பதால் தீங்கில்லை. மாவு ஒரே உருண்டையாகத் திரண்டு, கலத்தின் சுவரில் ஒட்டாமல், சப்பாத்தி மாவைவிடச் சற்று இளக்கமாக இருக்க வேண்டும். உதிரியாகவோ இறுகியோ இருந்தால் நீரையும், குழம்பாக இருந்தால் மாவையும் ஒவ்வொரு தேக்கரண்டியாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் ஓரிரு நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். பொங்கும் கட்டத்திலும் வெதுப்பும் கட்டத்திலும் மூடியைத் திறக்கலாகாது. சூடு வெளியேறி ரொட்டி அமிழ்ந்துவிடக்கூடும்.

வெந்த ரொட்டியை உடனே கலத்திலிருந்து எடுத்துக் கம்பித் தட்டில் ஆறவைக்க வேண்டும். கலத்திலேயே விட்டால் நீராவி படிந்து மேலோடு நமத்துப்போகும். குறைந்தது ஒரு மணிநேரம் ஆறிய பின்னரே துண்டுபோடுதல் நன்று.

வெப்பநாடுகளில்

இயந்திர நிரல்கள் மிதமான அறை வெப்பநிலையைக் கருதி எழுதப்பட்டவை. கோடையில் இட்லி மாவு விரைவில் புளிப்பதைப் போலவே, அறை 35 °செ அளவில் இருக்கும்போது ரொட்டி மாவும் வெதுப்புதல் தொடங்கும் முன்பே அளவுக்கு மீறிப் பொங்கிவிடும். குளிர்ந்த நீரைப் பயன்படுத்துவதும், ஈஸ்ட்டைக் கால் பங்கு குறைப்பதும் இதற்குத் தீர்வுகள். ஈஸ்ட் பொதியைப் பிரித்த பின் காற்றுப் புகாத புட்டியில் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும்.

மின்தடை மற்றொரு சிக்கல். பல இயந்திரங்கள் சில நிமிடத் தடைக்குப் பின் விட்ட இடத்திலிருந்து தொடரும். தடை நீண்டால் நிரல் அழிந்துவிடும். அவ்வாறானால் மாவை எடுத்து, பொங்கவிட்டு, ஓவனில் வெதுப்பிக் காப்பாற்றலாம்.

குறைகளும் காரணங்களும்

• ரொட்டி பொங்காமை: பழைய ஈஸ்ட், மிகு சூடான நீர் அல்லது மிகையான உப்பு. சிறிது சர்க்கரை கலந்த வெதுவெதுப்பான நீரில் ஈஸ்ட்டை இட்டு, 10 நிமிடத்தில் நுரைக்கிறதா என்று சோதிக்கலாம்.
• நடுப்பகுதி குழிதல்: மிகுதியான நீர் அல்லது ஈஸ்ட், வெப்பமான அறை.
• கனத்த, இறுகிய ரொட்டி: நீர் போதாமை, பசையம் குறைந்த மாவு.
• அடியில் துளை: துடுப்பின் தடம். இது குறையன்று. இறுதிப் பொங்குதலுக்கு முன் துடுப்பை அகற்றினால் துளை சிறிதாகும்.

பாதுகாப்பு

பால், முட்டை முதலிய விரைவில் கெடும் பொருட்களைக் கொண்ட கலவையை நேரம் குறித்து மணிக்கணக்கில் வைத்திருத்தல் ஆகாது. இயங்கும்போது வெளிப்புறமும் சூடாகும் என்பதால் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

வீட்டு ரொட்டியில் என்ன சேர்ந்துள்ளது என்பது செய்தவருக்குத் தெரியும். இந்தியாவில் விற்கப்பட்ட ரொட்டிகளில் பொட்டாசியம் புரோமேட்டு குறித்த கேள்விகள் 2016 இல் எழுந்து, அவ்வாண்டிலேயே அதன் பயன்பாடு தடைசெய்யப்பட்டது. பதப்படுத்திகள் சேர்க்கப்படாததால் வீட்டு ரொட்டி ஈரப்பதமுள்ள காலநிலையில் இரண்டு மூன்று நாட்களில் பூஞ்சை பிடிக்கக்கூடும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் பூஞ்சை தாமதமாகும். ஆயினும் ரொட்டி விரைவில் உலர்ந்தது போல் இறுகும். துண்டுபோட்டு உறைநிலையில் வைப்பதே மேல்.

ஆய்வுலகில்

மட்சுசிட்டா இயந்திரத்தின் உருவாக்கத்தை இக்குஜிரோ நோனாக்கா 1991 இல் ஆர்வர்டு வணிக மதிப்பாய்வு இதழில் எழுதிய கட்டுரை உலகறியச் செய்தது. சொல்லில் வடிக்க இயலாத கைத்திறனும், அருகிருந்து பழகினால் வெளிப்படையான அறிவாக மாறி இயந்திரத்தில் ஏறக்கூடும் என்பதற்கு அவர் இதனை எடுத்துக்காட்டாகக் காட்டினார்.

இக்கருத்தை ரொட்ரிகோ ரிபெய்ரோ, ஹாரி காலின்சு ஆகியோர் 2007 இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் மறுத்தனர். ஒரே விதமாகத் திரும்பச் செய்யத்தக்க அசைவுகளை மட்டுமே இயந்திரம் செய்கிறது. சூழலுக்கேற்ப மாறும் கலைஞரின் தீர்மானங்கள் அதற்குள் செல்லவில்லை. இயந்திரம் செய்யாதவற்றை அதைச் சுற்றியுள்ள மனிதர்களே ஈடுசெய்கின்றனர் என்பது அவர்களது வாதத்தின் சாரம். மூடியைத் திறந்து மாவைத் தொட்டுப் பார்த்து ஒரு தேக்கரண்டி நீர் சேர்க்கும் வீட்டுப் பயனர், அவ்வகையில், ரொட்டிக் கலைஞரின் வேலையில் இயந்திரத்திற்கு எட்டாத பகுதியையே செய்கிறார்.