சான்றுசார் பல் மருத்துவம்

சான்றுசார் பல் மருத்துவம் என்பது, நம்பகமான அறிவியல் ஆய்வுகள், பல் மருத்துவரின் பட்டறிவு, நோயாளியின் தேவையும் விருப்பமும் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்துச் சிகிச்சையை முடிவு செய்யும் முறை ஆகும். "வழக்கமாக இப்படித்தான் செய்கிறோம்" என்பது இம்முறையில் போதிய காரணமாகக் கொள்ளப்படுவதில்லை.

தோற்றம்

பல சிகிச்சைகள் உண்மையில் பயன் தருகின்றனவா என்று முறையாகச் சோதிக்கப்படாமலேயே வழங்கப்படுவதைப் பிரித்தானிய மருத்துவர் ஆர்ச்சி காக்ரேன் 1972 இல் வெளியான தமது நூலில் சுட்டிக்காட்டினார். அவர் பெயரால் 1993 இல் தொடங்கப்பட்ட காக்ரேன் அமைப்பு, ஒரே கேள்வியைப் பற்றிய ஆய்வுகள் அனைத்தையும் தேடித் தொகுத்து மதிப்பிடுகிறது. இத்தகைய தொகுப்பு முறைசார் மீளாய்வு எனப்படும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியுதவியால் 2007 இல் இந்தியாவில் உள்ள எவரும் இம்மீளாய்வுகளை இலவசமாகப் படிக்க வழி செய்யப்பட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தெற்காசியக் காக்ரேன் மையமும் இயங்கியது.

சான்றுகளின் தரம்

எல்லாச் சான்றுகளும் சம எடை கொண்டவை அல்ல. ஒரு மருத்துவரின் தனி அனுபவத்தை விட, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் ஆய்வு வலுவானது. அத்தகைய பல ஆய்வுகளின் மீளாய்வு அதனினும் வலுவானது. புளூரைடு பற்பசை சிறுவர்களின் நிலைப்பற்களில் சொத்தையைச் சராசரியாக 24% குறைக்கிறது என்ற 2003 ஆம் ஆண்டு முடிவு, 70 ஆய்வுகளின் தொகுப்பிலிருந்து பெறப்பட்டது. மாறாக, நோயற்ற ஞானப்பற்களை முன்னெச்சரிக்கையாகப் பிடுங்குவதற்குப் போதிய சான்று இல்லை என்பதால், அவ்வழக்கத்தைக் கைவிடுமாறு பிரித்தானிய அரசு அமைப்பு ஒன்று 2000 இல் பரிந்துரைத்தது.

தருமபுரி எடுத்துக்காட்டு

வலுவான சான்று கூட எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்திவிடாது. இதற்குத் தமிழ்நாட்டிலேயே தெளிவான எடுத்துக்காட்டு உள்ளது. அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்சு நகரில் 1945 இல் சொத்தையைத் தடுப்பதற்காகக் குடிநீரில் லிட்டருக்குச் சுமார் 1 மில்லிகிராம் புளூரைடு சேர்க்கப்பட்டது. தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களிலோ பல இடங்களில் பாறைகளில் இருந்து கரையும் புளூரைடு, நிலத்தடி நீரில் இயல்பாகவே 1.5 மில்லிகிராமுக்கு மேல் உள்ளது. இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயம், வேறு நீர் கிடைக்காத இடத்திலும் அனுமதிக்கும் மேல் எல்லை இதுவே.

பற்கள் உருவாகும் வயதில் இந்நீரைக் குடிக்கும் குழந்தைகளுக்குப் பல் புளூரோசிசு உண்டாகிறது. பற்களில் வெண்கோடுகளும், கடுமையான நிலையில் பழுப்புக் கறையும் குழிகளும் தோன்றும். பழுப்புக் கறையைக் கண்டதும் குழந்தை பல் துலக்குவதில்லை என்று கடிந்துகொள்வது தவறு. குறை எனாமலிலேயே இருப்பதால் எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. பெரியவர்களிடம் நீண்டகாலப் பயன்பாடு எலும்புகளையும் பாதிக்கும். சப்பானிய நிதியுதவியுடன் நிறைவேற்றப்பட்டு 2013 இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், காவிரி நீரை இப்பகுதிக்குக் கொண்டுவருவதன் மூலம் இதைத் தடுக்க முனைகிறது.

எனவே இம்மாவட்டக் குழந்தைக்குச் சிகிச்சை அளிப்பவர் முதலில் கேட்க வேண்டியது, வீட்டில் குடிப்பது ஆழ்துளைக் கிணற்று நீரா, காவிரி நீரா என்பதே. நீரில் புளூரைடு மிகுந்திருந்தால் புளூரைடு மாத்திரைகள் கொடுக்கக்கூடாது. பற்பசையைப் பொறுத்தவரை, மூன்று வயதுக்குட்பட்டோருக்கு அரிசி அளவும், மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணி அளவும் போதுமானது. குழந்தை அதை விழுங்காமல் துப்புகிறதா என்பதைப் பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும்.